பேஸ் கிட்டாருக்கு மறுபூச்சு: நாமே செய்வதா, பட்டறையில் கொடுப்பதா?

தாழ்சுருதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1980-களில் ஜப்பானில் செய்யப்பட்ட ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேவாலய இசைக்குழு ஒன்றில் பல ஆண்டுகள் வாசிக்கப்பட்டுப் பிறகு என் கைக்கு வந்த கருவி இது. நெக் (கழுத்துப் பகுதி), தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப், சுருதி கூட்டும் டியூனர் எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. பாடியின் (உடற்பகுதியின்) கறுப்புப் பூச்சு மட்டும் முழங்கை படும் விளிம்பிலும், பெல்ட் உராயும் பின்புறத்திலும், அடிவிளிம்பிலும் சில்லுசில்லாகப் பெயர்ந்து, உள்ளே வெளிறிய மரம் தெரிகிறது.

பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு, மரம் தெரியும்படி வார்னிஷ் மட்டும் அடிக்கலாம் என்பது என் முதல் எண்ணம். அது சரிவராவிட்டால் லேக் பிளாசிட் புளூ எனப்படும் அந்த உலோக மினுக்கு நீலத்தை அடிக்க விரும்புகிறேன். நான் இருப்பது சென்னையில். இங்கே ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகள்) வேலையையும் மின்வேலையையும் நன்றாகச் செய்பவர்கள் கிடைக்கிறார்கள். கிட்டாருக்குப் பூச்சு அடிப்பவர்கள் அரிதாகவே கிடைக்கிறார்கள். அறைகலன்களுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி ஒருவரும், கார் பெயின்டிங் பட்டறை ஒன்றும் அருகில் உண்டு. இவர்களிடம் கொடுப்பதா, வெளியூருக்கு அனுப்புவதா, நானே இறங்கிச் செய்வதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இழைப்புளி எழுதியது:

வணக்கம் தாழ்சுருதி. யார் செய்வது என்பதை முடிவு செய்யும் முன், இப்போது மேலே இருக்கும் பூச்சு எது, அதற்கடியில் இருக்கும் மரம் எது என்ற இரண்டையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். செலவு, உழைப்பு, ஆபத்து மூன்றும் அவற்றைப் பொறுத்தே அமையும்.

பூச்சைச் சோதிப்பது எளிது. வால்யூம் குமிழ்கள் பொருந்திய உலோகத் தட்டைக் கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் அசிட்டோன் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருந்தால் பூச்சு இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டும். பாலியெஸ்டராக இருந்தால் எதுவும் நடக்காது. நீங்கள் சொல்லும் காலத்து ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலும் பாலியெஸ்டரே இருக்கும். சில்லுகளாகப் பெயர்வதும் அதன் குணம்தான். நைட்ரோ அப்படிப் பெயர்வதில்லை, மெலிந்து தேயும், அல்லது குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் ஓடும்.

பாலியெஸ்டர் என்றால், அதை முழுவதுமாக எடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வேதிவினையால் இறுகிய பூச்சு என்பதால் அதைத் தின்னர் கரைக்காது. கடைகளில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவரும் மேலே சற்றுக் கொப்புளமிடச் செய்வதோடு நின்றுவிடும். மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகை ரிமூவர்கள் சற்றுக் கூடுதலாக வேலை செய்யும். ஆனால் அந்த ஆவி மூடிய அறையில் உயிரையே பறிக்கக்கூடியது என்பதால்தான் அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்கு அவற்றை விற்பதைத் தடை செய்தார்கள். மிஞ்சுவது ஹீட் கன். சூட்டில் பூச்சு இளகி, பட்டிக் கத்தியை அடியில் நுழைத்தால் தகடு தகடாகக் கிளம்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் கத்தி ஒரு நொடி சாய்ந்தால் மரத்தில் பள்ளம் விழும், சூடு ஓரிடத்தில் நின்றால் மரம் கருகும், பலகைகளை இணைத்த பசையும் இளகும்.

இத்தனைக்கும் பிறகு உள்ளே கிடைப்பது என்ன? அந்தக் காலத்து ஜப்பானிய ஜாஸ் பேஸ்களில் பெரும்பாலும் லிண்டன் இனத்தைச் சேர்ந்த பாஸ்வுட் மரத்தையே பயன்படுத்தினார்கள். எடை குறைந்த, வேலைக்கு இணக்கமான நல்ல மரம் அது. ஆனால் நகம் பட்டாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது, ரேகையும் அதிகம் இல்லாதது, சில இடங்களில் பச்சை கலந்த சாம்பல் கோடுகள் ஓடும். கறுப்பு அடிக்கப் போகிற பாடிக்குப் பலகைகளின் நிறமும் ரேகையும் ஒத்திருக்க வேண்டும் என்று எந்தத் தொழிற்சாலையும் கவலைப்பட்டிருக்காது. ஆஷ் மரத்தில் செய்து மரநிறமாகவே விற்ற 1970-களின் ஜாஸ் பேஸ்களைப் படத்தில் பார்த்துவிட்டு அந்த அழகை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே பெயர்ந்த இடங்களை நிரப்பி, மீதிப் பூச்சை உப்புத்தாளால் மங்கலாக்கி, அதையே அடித்தளமாக வைத்து மேலே நிறம் அடியுங்கள். தொழிற்சாலைப் பாலியெஸ்டரைவிடச் சமதளமான, மரத்தின் நுண்துளைகளை முழுவதும் அடைத்த அடித்தளத்தை வீட்டில் யாரும் உருவாக்க முடியாது.

பழையகருவி எழுதியது:

நண்பர் இழைப்புளி சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மறுபூச்சு வேண்டுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவின் ஃபுல்லர்ட்டனில் செய்யப்பட்ட ஃபெண்டர் பேஸ் ஒன்றுக்கு மறுபூச்சு அடித்தால் அதன் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பழைய கருவிகளை வாங்கி விற்பவர்களிடையே நெடுங்காலமாக உள்ள கணக்கு. அத்தகைய கருவியை விலைபேசுபவர்கள் முதலில் பூச்சைத்தான் ஆராய்வார்கள். அக்காலத்தில் பாடியில் சிறு ஆணிகளை அடித்து, அவற்றின் மேல் நிறுத்திப் பூச்சைக் காயவைத்தார்கள். ஆணியைப் பிடுங்கிய துளை பிக்கார்டுக்கு (பாடியின் முகப்பைக் காக்கும் தகட்டுக்கு) அடியிலும் கன்ட்ரோல் தட்டுக்கு அடியிலும் நிறம் புகாமல் தெரிந்தால் அது தொழிற்சாலைப் பூச்சு என்பதற்கு ஒரு சான்று. பின்னர் நெக் பாக்கெட்டில் (நெக் பொருந்தும் குழியில்) ஒரு கட்டையைத் திருகிப் பிடித்துத் தெளித்தார்கள். அந்தக் கட்டை மறைத்த இடம் நிறமின்றி இருக்கும். மறுபூச்சு அடிப்பவர் அறியாமலேயே இந்தத் தடயங்களை அழித்துவிடுவார்.

உங்களுடையது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஃபெண்டர் ஜப்பான் 1982-இல்தான் தொடங்கியது. நீங்கள் இழக்கப்போகும் பணமும் அதே அளவில் இராது. ஆயினும் அந்தத் தொடக்க ஆண்டுகளின் கருவிகளுக்கு மதிப்பு கூடிக்கொண்டுதான் வருகிறது. பெயர்ந்த விளிம்புகளில் மெல்லிய சூப்பர் குளூவை விட்டு, தளர்ந்த பூச்சை மரத்தோடு பிடிக்கவைத்து, பள்ளங்களைக் கறுப்பு நிறமி கலந்த அதே பசையால் சொட்டுச் சொட்டாக நிரப்பிச் சமப்படுத்தினால், ஓரடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பழுது தெரியாது. கருவியும் தன் முதல் பூச்சுடனேயே இருக்கும்.

இழைத்துத் தள்ளுவதில் இன்னோர் இழப்பும் உண்டு. யெஸ் இசைக்குழுவின் கிறிஸ் ஸ்குவையரின் ரிக்கன்பேக்கர் பேஸ் பூப்போட்ட சுவர்க்காகிதம் ஒட்டப்பட்டு, பின் அது நீக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் தேய்த்துப் பூச்சு அடிக்கப்பட்டதில் அதன் மரமே மெலிந்துபோனது. பால் மெக்கார்ட்னியின் ரிக்கன்பேக்கர் சிவப்புச் சாயல் கொண்ட ஃபயர்குளோ பூச்சுடன் வந்தது. 1967-இல் அதன்மேல் வண்ண ஓவியம் தீட்டப்பட்டது. 1960-கள் முடிவதற்குள் எல்லாமே சுரண்டப்பட்டு வெறும் மரமாயிற்று. இருவரும் அதே கருவிகளில்தான் அரிய இசையைத் தந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேய்த்தெடுத்த மரம் திரும்ப வராது.

தெளிப்பான் எழுதியது:

கார் பெயின்டிங் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். சில கிட்டார்களுக்கும் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்றைய பட்டறைகளில் நிறத்துக்கு ஒரு பேஸ் கோட், அதன்மேல் ஹார்டனர் கலந்த டூ-கே (இருபொருள் கலவை) பாலியூரித்தேன் கிளியர், அதாவது நிறமற்ற மேற்பூச்சு, என்பதே வழக்கம். பாலியெஸ்டர் அடித்தளத்தின் மேல் இது அருமையாகப் பிடிக்கும், வியர்வைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் அசையாது. ஃபெண்டரின் பழைய நிறங்களே கார்களிலிருந்து வந்தவைதாம். டூபான்ட் நிறுவனத்தின் டுகோ, லூசைட் பெயின்ட்களையே அவர்கள் வாங்கி அடித்தார்கள்; நீங்கள் கேட்கும் லேக் பிளாசிட் புளூ 1958-ஆம் ஆண்டு காடிலாக் காரின் நிறம், ஃபியஸ்டா ரெட் 1956-ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். நிறக்கலவை இயந்திரம் வைத்திருக்கும் கடையில் இவற்றுக்கு மிக நெருங்கிய நிறத்தைக் கலந்து வாங்கிவிடலாம்.

ஆனால் பெயின்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை சில உண்டு. அவர் கை தகரத்தில் பழகியது. பாடியைக் கார்களுடன் சேர்த்துச் சூட்டறையில் வைத்துவிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பலகைகளின் இணைப்புப் பசை தளரலாம், மரத்தில் அடைபட்ட காற்று விரிந்து கிளியரில் கொப்புளங்களாக எழும்பலாம். சாதாரண அறை வெப்பத்தில் காய்ந்தால் போதும். அடுத்ததாக, கார் கதவுக்கு அடிப்பதுபோல் கனமாக அடிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கிட்டாரின் விளிம்புகள் வளைந்தவை, அங்கே கிளியர் வழிந்து கட்டிவிடும்.

வீட்டில் நீங்களே டூ-கே தெளிப்பதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறு அளவுகூடத் தொல்லை தரும். இதற்கு வாசனை எச்சரிக்கை கிடையாது என்பதால், சாதாரண வடிகட்டி முகமூடியை நம்ப முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடிதான் முறையான பாதுகாப்பு. ஹார்டனரை உள்ளேயே அடைத்து வரும் ஸ்ப்ரே டப்பாக்களுக்கும் இதே விதிதான்.

மெட்டாலிக் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அலுமினியத் துகள்கள் படியும் கோணம் ஸ்ப்ரே கன்னின் தூரத்தையும் வேகத்தையும் பொறுத்து மாறும். கை ஒரே சீராக ஓடாவிட்டால் மேகத் திட்டுகள்போல் நிறம் வேறுபடும்; பின்னால் ஓரிடத்தில் மட்டும் திருத்தவும் முடியாது. டப்பாவை வாங்கி மொட்டை மாடியில் அடிக்க நினைப்பவருக்கு ஒற்றை நிறமே ஏற்றது.

கடலோரம் எழுதியது:

நைட்ரோவைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். மெல்லிய நைட்ரோ பூச்சில் மரம் சுதந்திரமாக அதிர்கிறது. தடித்த பாலியெஸ்டர் அதை இறுக்கிப் பிடிக்கிறது. ஃபெண்டரின் பழைய பிரசிஷன் பேஸ்களின் குரலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பலர் நம்புகிறார்கள். மேலும் நைட்ரோவில் ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கைச் சற்றுக் கரைத்து ஒன்றாகிவிடுவதால், பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் பழுதை அடையாளம் தெரியாமல் திருத்த முடியும். நம் ஆசாரிகளும் என்.சி. லாக்கர் எனப்படும் நைட்ரோவைக் கையாளத் தெரிந்தவர்கள்தாம். அவர்களிடம் ஏன் கொடுக்கக் கூடாது?

நான்காம்தந்தி எழுதியது:

கடலோரம் அவர்களுக்கு மதிப்புடன் ஒரு மாற்றுக் கருத்து. திருத்துவது எளிது என்ற வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். கையில் நைட்ரோ தரும் உணர்வையும் நான் விரும்புகிறேன். ஒலியைப் பற்றிய வாதத்தைத்தான் ஏற்க இயலவில்லை. பேஸின் பிக்கப் காந்தப் புலத்தில் எஃகுத் தந்தி அசைவதை மின்னோட்டமாக்குகிறது. பாடியின் மேல் உள்ள பூச்சு அந்த அசைவைப் பாதிக்கும் அளவு, தந்தியை மாற்றினாலோ, பிக்கப்பின் உயரத்தைத் திருகினாலோ, விரல் படும் இடத்தை இரண்டு அங்குலம் நகர்த்தினாலோ ஏற்படும் மாற்றத்தின் முன் காதுக்கே எட்டாது. பழைய ஃபெண்டர்களிலும் நைட்ரோ நேரடியாக மரத்தில் படவில்லை. 1960-களில் ஃபுல்லர்பிளாஸ்ட் எனப்பட்ட கடினமான சீலரை முதலில் அடித்து, அதன் மேல்தான் நிறம் அடித்தார்கள். பழைய நிறத்தைக் கரைப்பவர்கள் பலர் அந்த அடுக்கை எட்டியதும் வேலை நின்றுபோவதைக் கண்டிருப்பார்கள்.

தாழ்சுருதி ஒலிக்காக இதைச் செய்யவில்லை என்பதால் விவாதத்தை இதற்குமேல் நீட்டவில்லை. பிடித்த கருவியைக் கண்ணுக்கும் பிடித்ததாக ஆக்கிக்கொள்வது போதுமான காரணம்தான்.

இழைப்புளி எழுதியது:

ஆசாரியிடம் கொடுப்பது பற்றிக் கடலோரம் கேட்டதற்கு: கொடுக்கலாம், ஆனால் பருவம் பார்க்க வேண்டும். நைட்ரோவின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சுக்குள் பால் கலந்ததுபோன்ற வெண்மை படரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இது நிகழாமல் இருந்தால்தான் வியப்பு. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைச் சிறிது சேர்ப்பது ஒரு வழி. பங்குனியில் காய்ந்த காற்றுள்ள முற்பகலாகப் பார்த்து அடிப்பது அதைவிட நல்ல வழி. நைட்ரோ அடித்த கருவியை ரப்பர் பிடியுள்ள ஸ்டாண்டில் வைக்கவும் கூடாது. ரப்பரில் உள்ள பொருள் பூச்சை இளக்கி, தழும்பை நிரந்தரமாக்கிவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நைட்ரோ கிளியர் காலப்போக்கில் மஞ்சளாகும். அதனால்தான் பழைய லேக் பிளாசிட் புளூ பேஸ்கள் பச்சையாகத் தெரிகின்றன, ஒலிம்பிக் ஒயிட் பேஸ்கள் வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருக்கின்றன. நீலம் நீலமாகவே இருக்க வேண்டும் என்றால் பாலியூரித்தேன் கிளியரே சரி.

தாழ்சுருதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அசிட்டோன் சோதனையைச் செய்தேன். பூச்சு அசையவே இல்லை, பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பெயர்ந்த இடத்தின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தபோது, கறுப்பு நிறம் மெல்லிய கோடாகவும் அதற்கடியில் கண்ணாடிபோன்ற அடுக்கு அதைவிடப் பலமடங்கு தடிமனாகவும் தெரிந்தன. மரம் வெளிறியது, நகத்தால் அழுத்தினால் பள்ளமாகிறது. ஆகவே மரநிற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.

பழையகருவி அவர்களின் பசை யோசனையையும் சிந்தித்தேன். பின்புறம் உள்ளங்கை அளவுக்குப் பூச்சே இல்லாததால் அது ஒட்டுப்போட்டதாகத் தெரியும் என்று அஞ்சுகிறேன். தேய்த்துத் தயார் செய்வதை நான் செய்து, தெளிப்பதை மட்டும் பட்டறையில் கொடுத்தால் பொருந்துமா? அப்படியானால் நான் எதுவரை செய்துகொடுக்க வேண்டும்?

இழைப்புளி எழுதியது:

பொருந்தும் என்பது மட்டுமன்று, அதுவே மிகச் சிறந்த வழி என்பேன். மறுபூச்சு வேலையில் தெளிக்கும் நேரம் மிகக் குறைவு. பெரும்பகுதி அதற்கு முன்னுள்ள தயாரிப்பும் பின்னுள்ள மெருகேற்றலும்தான். அவை பொறுமையைக் கேட்பவை, பெரிய கருவிகள் தேவையற்றவை. தெளிப்பது ஒன்றுதான் தூசியற்ற அறையையும் கம்ப்ரசரையும் பழகிய கையையும் நுரையீரல் பாதுகாப்பையும் கேட்பது. பட்டறைக்காரர் தன் கூலி நேரத்தில் விளிம்பு விளிம்பாக உட்கார்ந்து தேய்க்க மாட்டார். நீங்கள் தேய்ப்பீர்கள், ஏனெனில் கருவி உங்களுடையது.

தந்திகளைத் தளர்த்தி, நெக்கின் நான்கு திருகுகளை எடுத்து, நெக் பாக்கெட்டில் மெல்லிய தகடோ காகிதத் துண்டோ இருந்தால் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்து வையுங்கள். நெக்கின் சாய்வு அதைச் சார்ந்தது. மின்பகுதிகளைக் கழற்றும்முன் இணைப்புகளைப் படம் எடுங்கள். பிறகு பாடியைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அதன்பின் மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பல ஆண்டுகளாகப் போட்ட கிட்டார் பாலிஷில் சிலிக்கோன் இருந்திருக்கலாம். துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் அது தேய்த்த கோடுகளுக்குள்ளேயே புகுந்துவிடும். புதுப் பூச்சு அங்கெல்லாம் ஒட்டாமல் விலகிச் சிறு வட்டக் குழிகளாக நிற்கும்.

பெயர்ந்த இடங்களின் விளிம்பை 180 எண் தாளால் சரிவாக்குங்கள். வெறும் மரம் தெரியும் இடங்களில் அரக்கை ஆல்கஹாலில் கரைத்த ஷெல்லாக்கையோ மெல்லிய எப்பாக்சியையோ தடவி, மரம் ஈரத்தை உறிஞ்சாதபடி அடையுங்கள். பிறகு கார் பட்டியால் நிரப்பி, மரக்கட்டையில் சுற்றிய தாளால் சமப்படுத்துங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் பட்டி மென்மையாக இருப்பதால் அங்கே மட்டும் குழியும். மங்கலாக இருக்கும்வரை அது தெரியாது, பளபளப்பு ஏறியதும் ஒளி அலைபோல் வளைந்து காட்டிக்கொடுக்கும். அதன்பின் பாடி முழுவதையும் 320, 400 எனத் தேயுங்கள். எங்கும் ஒரு மினுக்குப் புள்ளிகூட இல்லாமல் எல்லா இடமும் மங்கலாக இருக்க வேண்டும். நெக்கின் இருபுறமும் நீளும் பாடியின் கொம்புகளின் உட்புற வளைவுதான் எல்லோரும் விட்டுவிடும் இடம். புதுப் பூச்சு முதலில் உரிவதும் அங்கேதான்.

திருகுத் துளைகளின் வாயை, கையால் திருகும் கவுன்டர்சிங்க் முனையால் மெல்லிதாகச் சரிவாக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிக்கார்டின் திருகை மீண்டும் போடும்போது திருகின் பல் பூச்சைத் தூக்கி, துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடிப்பு விழும். நெக் பாக்கெட்டின் அடியையும் பக்கச் சுவர்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடியே கொடுங்கள். பாக்கெட்டும் நெக்கும் மயிரிழை இடைவெளியில் பொருந்துபவை; இரு சுவர்களிலும் பூச்சு ஏறினால் நெக்கை அழுத்திச் செருக வேண்டி வரும், அப்போது பாக்கெட்டின் மூலையிலிருந்து புதுப் பூச்சில் விரிசல் ஓடும். பிக்கப் குழிகளில் கறுப்பு மின்இரைச்சல் தடுப்புப் பூச்சு இருந்தால் அதையும் மூடுங்கள்.

பாக்கெட்டைவிடக் குறுகிய ஒரு கட்டையை நெக் திருகுத் துளைகளிலேயே திருகிக் கொடுத்தால் பெயின்டருக்குப் பிடிக்கவும் தொங்கவிடவும் உதவும். பழையகருவி சொன்ன தொழிற்சாலை முறையே இது. அதைவிட நல்ல முறை இன்றுவரை வரவில்லை.

ஃப்ரெட்டில்லாதவன் எழுதியது:

பேச்சு பாடியைப் பற்றியே போகிறது. நெக்கைப் பற்றிச் சில வரிகள். நெக்கின் பின்புறம் கையில் ஒட்டுகிறது என்பதற்காக மறுபூச்சு வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு எதையும் எடுக்க வேண்டாம். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட்டால் நீளவாக்கில் தேய்த்துப் பளபளப்பை மட்டும் கொன்றால் போதும். மேப்பிள் மரம் ஈரத்தில் வளையக்கூடியது என்பதால் பூச்சு அங்கே இருந்தாக வேண்டும்.

பூச்சு ஒலியை உண்மையிலேயே மாற்றும் ஒரே இடம் ஃப்ரெட் இல்லாத ஃபிங்கர்போர்டு, அதாவது விரல் அழுத்தும் நெக்கின் முன்பரப்பு. அங்கே தந்தி நேராக அந்தப் பரப்பிலேயே அழுந்துகிறது. பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்கள் நீக்கப்பட்ட ரோஸ்வுட் பரப்பின்மேல் படகுகளுக்குப் பூசும் எப்பாக்சியைப் பல அடுக்குகள் ஏற்றினார். உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள் மரத்தை அரிக்காமல் காப்பது அதன் ஒரு பயன். கண்ணாடிபோல் இறுகிய அந்தப் பரப்பில் தந்தி எழுப்பும் நீண்ட, பாடுவதுபோன்ற ஒலி இன்னொரு பயன். உங்கள் கருவியில் ஃப்ரெட்கள் இருப்பதால் ரோஸ்வுட்டாக இருந்தால் பூச்சே வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

பழையகருவி எழுதியது:

உள்ளங்கை அளவுக்குப் பூச்சு போயிருந்தால் என் யோசனை பொருந்தாதுதான். ஒரு வேண்டுகோள் மட்டும். நெக் பாக்கெட்டிலும் கன்ட்ரோல் குழியிலும் உள்ள முத்திரைகளையும் பழைய கறுப்பையும் அப்படியே விட்டுவிடுங்கள். தொடங்கும்முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். என்றாவது வேறொருவர் கைக்குப் போனால், கருவியின் வரலாறு மறைக்கப்படவில்லை என்று அவருக்குத் தெரியும்.

தெளிப்பான் எழுதியது:

இழைப்புளி சொன்னபடி தேய்த்த பாடி வந்தால் எந்தப் பெயின்டரும் மகிழ்வார். ப்ரைமர் அடித்தபின் ஒருமுறை வாங்கிச் சென்று 600-ஆல் நீங்களே தேய்த்துக் கொடுங்கள். மெட்டாலிக் நிறத்துக்கு அதைவிடச் சொரசொரப்பான கோடுகள் கூடாது, அவை நிறத்தின் வழியே தெரியும்.

கிளியர் அடித்து இரண்டு நாள்கள் கழித்து மெருகேற்றலைத் தொடங்கலாம். 1000 எண் வாட்டர் பேப்பரை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, கெட்டியான ரப்பர் கட்டையில் சுற்றி, நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்துகொள்ளுங்கள். தேய்க்கும்போது வரும் பால்நிற நீரை அடிக்கடி ரப்பர் பட்டையால் வழித்துப் பாருங்கள். மங்கலான பரப்பின் நடுவே மினுக்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அவை இன்னும் தாள் தொடாத பள்ளங்கள். அவை மறையும்வரை தேய்த்து, மறைந்த கணமே நிறுத்துங்கள். பால்நிறத்துக்குப் பதில் நீலம் கலந்த நீர் வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். ஆகவே விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே நின்று தட்டையான பரப்பை முடித்துவிட்டு, விளிம்பைக் கடைசியில் 2000 எண் தாளால் வெறுங்கையில் நான்கைந்து முறை மட்டும் வருடுங்கள். இடையில் 1500, பிறகு 2000, அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட்.

பொருத்துவதற்கு இன்னும் ஒரு வாரமாவது காத்திருங்கள். தொட்டால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடித்தகட்டை இறுக்கினால் தடம் அழுந்தும். நைட்ரோவாக இருந்தால் மூன்று நான்கு வாரம் என்று சொல்லியிருப்பேன்.

தாழ்சுருதி எழுதியது:

தெளிவாகிவிட்டது. லேக் பிளாசிட் புளூ, பாலியூரித்தேன் கிளியர், தயாரிப்பும் மெருகும் நான், தெளிப்பு பட்டறை என்று முடிவு செய்துவிட்டேன். பட்டறைக்காரரிடம் சூட்டறை வேண்டாம் என்பதைப் பேசிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். கடைசியாக ஒரு சந்தேகம்: பிரிட்ஜைக் கழற்றியபோது அடியில் உள்ள சிறு துளையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வது?

நான்காம்தந்தி எழுதியது:

அது தந்திகளை மின்தரையோடு இணைக்கும் கம்பி. அதை வெட்ட வேண்டாம். கன்ட்ரோல் குழிப் பக்கம் இழுத்து உள்ளே தள்ளி, துளையில் ஒரு பல்குச்சியைச் செருகிக் கொடுங்கள், பூச்சு துளையை அடைக்காது. திரும்பப் பொருத்தும்போது கம்பியின் நுனியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பிரிட்ஜ் தகட்டின் அடியில் படும்படி விசிறிபோல் விரித்து வைத்து இறுக்குங்கள். தகட்டின் அடியிலோ கம்பியிலோ பூச்சுத் துளி இருந்தால் இணைப்பு கிடைக்காது. தந்தியைத் தொடாதபோது இரைச்சல் வந்து, தொட்டபின்னும் அது குறையாமல் இருந்தால் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்துச் சோதித்துவிட்டு அதன்பின் தந்தி போடுங்கள்.